சங்கத்தின் முதலும் சந்தாவும்

சங்கம் என்னும் சொல்லை அறியாத தமிழ் மாணவர் இருக்க முடியாது. முதற்சங்கம், இடைச்சங்கம், கடைச்சங்கம் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அந்தச் சங்கங்களில் வீற்றிருந்த புலவர்கள் யார், அவர்கள் பாடியவை யாவை என்றெல்லாம் கேட்கிறோம். சங்கம் கூடிய மண்டபத்தின் கூரையை யார் வேய்ந்தார்கள், சுவடிகள் செல்லரித்தபோது புதிய ஏடுகளுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. பாண்டியன் கொடுத்தான் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவோம். இன்று நம்மிடையே சங்கங்கள் மிகுந்திருக்கின்றன, பாண்டியன் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியைச் சற்றுக் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

நான் இங்கே சங்கம் என்று குறிப்பது, பலர் கூடி, விதி வகுத்து, சந்தா செலுத்தி, தமக்கும் ஊருக்கும் பயன்படும் ஒரு காரியத்தை நடத்தும் அமைப்பை. ஊர்ப் படிப்பகம், கைப்பந்தாட்டக் கழகம், நாடக மன்றம், இளைஞர் நற்பணி மன்றம் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் லாபத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் வழக்கம் கிடையாது. தொண்டியிலிருந்து கீழக்கரை வரையுள்ள கடற்கரை ஊர்கள் சிலவற்றில் இத்தகைய மன்றங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் வேலை எனக்குப் பல ஆண்டுகளாக வாய்த்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், அந்த மன்றம் இன்னும் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். ஏட்டில் எழுதியிருப்பதைக் காட்டிலும், எழுதாமல் விட்டிருப்பதுதான் அதை எனக்குத் தெரிவிக்கும்.

எழுதாமல் விடுவது எதை? செய்தித்தாள் கட்டணத்தை எவரும் மறப்பதில்லை. மாதந்தோறும் தாள் போடுபவர் வந்து நிற்பார். மின்கட்டணத்தையும் மறக்க இயலாது. மறந்தால் விளக்கு எரியாது. ஆனால் கூரை ஒருநாளும் கணக்குச் சீட்டு அனுப்புவதில்லை. அது ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. இருபது ஆண்டுகள் வாய் திறவாமல் இருந்துவிட்டு, ஒரு ஐப்பசி மாதத்து அடைமழையில் மொத்தக் கணக்கையும் ஒரே இரவில் நீட்டுகிறது. அந்த இரவில் யார் உறுப்பினராக இருக்கிறார்களோ அவர்கள் தலையில் அந்தச் சுமை விழுகிறது. அந்தக் கூரையின் நிழலில் இருபது ஆண்டுகள் அமர்ந்து படித்தவர்களில் பலர், வேலை கிடைத்துச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போய்விட்டிருப்பார்கள். அவர்கள் அனுபவித்த நிழலுக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார். இதைத்தான் நான் அநீதி என்கிறேன். அநீதி என்ற சொல் பெரிதாகத் தோன்றலாம்; கூரை சரிந்து பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தின் வாயிலில் நிற்கும் ஒரு மாணவனைக் கண்டவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது.

இந்த அநீதியைத் தவிர்க்கும் வழியை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று ஒரு தொடர் அடிக்கடி வரும். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டும் என்று விரும்பியவர், கோயிலுக்கு ஆடுகளைக் கொடுப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கைக் காணலாம். இடையர் அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு என்றால் சாகும், மூப்படையும். சாவாத ஆடும் மூவாத ஆடும் எங்கே இருக்கின்றன? கிழ ஆடு கழிந்தால் குட்டியைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் மந்தையைக் காக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஒவ்வோர் ஆடும் சாகும், மந்தை சாகாது. ஏரிகளுக்கும் இதே முறை உண்டு. ஊர்ச்சபையிடம் பொன்னை முதலாக வைப்பார்கள். முதலைத் தொடாமல், அதன் பொலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் தூர் வாருவார்கள். பொலிசை என்பது வட்டி. ஏரிப் பராமரிப்புக்கென்றே விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் தம் உழைப்பையே ஆண்டுச் சந்தாவாகச் செலுத்தினார்கள். 48 மடைகள் கொண்டது என்று புகழ்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயைக் கண்டவர்களுக்கு, இராமநாதபுரம் சீமையில் தூர் வாராத கண்மாய் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் காலத்துக்கு அருகில் வருவோம். மதுரைத் தமிழ்ச்சங்கம் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் தோன்றியது. அதை நிறுவியவர் பாலவநத்தம் ஜமீன்தார் பொ. பாண்டித்துரைத் தேவர், உற்ற துணையாய் நின்றவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. இருவரும் ஒரே குடியில் பிறந்தவர்கள். சிற்றப்பன் பெரியப்பன் மக்கள். சங்கம் என்றதும் ஆண்டுக்கொருமுறை கூடிப் பேசிக் கலையும் சபையை அவர்கள் அமைக்கவில்லை. பாண்டியன் புத்தகசாலை என்ற நூல்நிலையம், செந்தமிழ்க் கலாசாலை, அச்சகம், 'செந்தமிழ்' என்னும் திங்களிதழ், தமிழ்த் தேர்வுகள் ஆகியவை சங்கத்தின் உறுப்புகளாயின. ஆ. சிங்காரவேலு முதலியார் நெடுங்காலம் உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-இல் அச்சேறியதும் இச்சங்கத்தின் வழியாகவே.

இந்த வரலாற்றைத் தமிழ் வளர்ச்சியின் வரலாறாகப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் கணக்கனின் கண்ணால் பார்க்கிறேன். பாஸ்கர சேதுபதி 1903 டிசம்பரில், 35 வயதில் மறைந்தார். சங்கத்துக்கு அப்போது வயது இரண்டு. பாண்டித்துரைத் தேவர் 1911 டிசம்பரில், 44 வயதில் மறைந்தார். சங்கம் தன் பதினோராம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தது. இரண்டு தூண்களும் இவ்வளவு விரைவில் சாய்ந்த பின்னும் கட்டடம் நின்றது, நூற்றாண்டு கண்டது, அதன் வழிவந்த செந்தமிழ்க் கல்லூரியில் இன்றும் மாணவர் பயில்கின்றனர். புகழுரைகள் காற்றில் போயிருக்கும். நிறுவியவர்கள் விட்டுச் சென்றவை நூலும் அச்சுப்பொறியும் பள்ளியும் ஆகிய நிலைத்த பொருள்கள்.

ஆனால் இந்த மூன்றும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அச்சுப்பொறி தேயும், ஆனால் உழைத்துக் கூலியும் ஈட்டும், அந்தக் கூலியில் தன் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்ய வாய்ப்புண்டு. நூல்நிலையம் அப்படியன்று. எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவுக்குச் செலவு வைக்கும். படிக்கப் படிக்க நூல் கிழியும். கிழியாத நூல்நிலையம் எவரும் நுழையாத நூல்நிலையம். ஆகவே ஒரு சங்கம் பொருள் ஒன்றை வாங்கும்போதே, இது தன்னைத் தானே காப்பாற்றிக் கொள்ளும் பொருளா, நாம் என்றென்றும் காப்பாற்ற வேண்டிய பொருளா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகைப் பொருளை ஒருவர் இலவசமாகக் கொடுத்தாலும் அது இலவசமன்று. ஒரு மன்றத்துக்கு ஓர் அன்பர் குளிர்சாதனப் பெட்டிகள் இரண்டை அன்பளிப்பாகக் கொடுத்தார். மூன்றாம் கோடையில் மின்கட்டணம் செலுத்த இயலாமல் அவற்றை நிறுத்திவிட்டார்கள். அவற்றின் மேல் இப்போது பழைய வார இதழ்க் கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

எங்கள் கடற்கரையில் இந்தத் தேய்மானம் உள்நாட்டைக் காட்டிலும் விரைவானது. சோழகக் காற்றும் வாடைக் காற்றும் மாறி மாறி உப்பைக் கொண்டுவந்து அப்புகின்றன. ஓட்டுக் கூரையையும் பனங்கைகளையும் பழங்காலத்தார் ஆண்டுதோறும் பார்த்துப் பழுது நீக்கி வந்தார்கள். காங்கிரீட்டுத் தளம் வந்ததும், இனி நூறாண்டுக்குக் கவலையில்லை என்று எண்ணிவிட்டார்கள். உப்புக் கலந்த மணலோ நீரோ காங்கிரீட்டில் சேர்ந்துவிட்டால், அல்லது உப்புக்காற்று நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கிவிட்டால், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் உண்ட இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைக்கும். அடைக்க இடமின்றி, மேலிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். முதலில் மயிரிழை போன்ற விரிசல். அடுத்துப் பழுப்புக் கறை. பிறகு ஒரு நாள் செய்தித்தாள் மேசையின்மேல் ஒரு பலகை அளவு காரை விழும். நான் பார்த்த கட்டடங்களுள் முப்பது ஆண்டைத் தாண்டித் தளம் பழுதாகாமல் இருந்தவை மிகச் சில.

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலம் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம். 145 கண்களும், கப்பல் செல்லும்போது தூக்கிக் கொடுக்கும் நடுப்பகுதியும் உடையது. உப்புக்காற்றில் இரும்பு அரிக்கும் கொடுமைக்கு உலகிலேயே பெயர்பெற்ற இடங்களுள் அது ஒன்று. அங்கே அது நூறாண்டுக்கு மேல் எப்படி நின்றது? ஓயாமல் சாயம் பூசியும், அரித்த உறுப்புகளை மாற்றியும் வந்தார்கள். 2007-இல் அகலப்பாதைக்கேற்ப வலுப்படுத்தினார்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் செல்வது நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2019-இல், பக்கத்தில் புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதற்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அரசாங்கத்துக்கு வரி உண்டு, கடன் உண்டு. ஒரு படிப்பகத்துக்கு இருப்பது சந்தாப் புத்தகம் ஒன்றே. இருப்பினும், பழையது நிற்கும்போதே அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, ஒரு படிப்பகத்துக்கு அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? கரும்பலகையில் எழுதுவதுபோல எண்ணிக் கொள்ளுங்கள். 120 உறுப்பினர் உள்ள படிப்பகம் ஒன்று. ஓட்டுக் கூரையை மாற்ற 3,00,000 ரூபாய் ஆகும். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மேசை, நாற்காலி, அலமாரிகளுக்கு 1,20,000 ரூபாய். 12 ஆண்டு உழைக்கும். மின்கம்பி, விளக்கு, விசிறிகளுக்கு 90,000 ரூபாய், 15 ஆண்டு. கிணற்று மோட்டாருக்கு 40,000 ரூபாய், 8 ஆண்டு. ஒவ்வொன்றின் விலையையும் அதன் ஆயுளால் வகுத்தால், கூரைக்கு ஆண்டுக்கு 15,000, தளவாடத்துக்கு 10,000, மின்வேலைக்கு 6,000, மோட்டாருக்கு 5,000. ஆக 36,000 ரூபாய். இதை 120 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஆண்டுக்கு 300 ரூபாய். மாதம் 25 ரூபாய். தேநீர்க் கடையில் இரண்டு நாள் செலவழிக்கும் தொகை. இதைச் சேர்க்காமல் விட்டால், இருபதாம் ஆண்டில் கூரைக்கு மட்டும் ஒவ்வொருவரும் ஒரே மூச்சில் 2,500 ரூபாய் தர வேண்டும். அதற்குள் உறுப்பினர் 80 பேராகக் குறைந்திருந்தால் 3,750 ரூபாய். கேட்ட அளவில் இன்னும் இருபது பேர் விலகிக் கொள்வார்கள். சங்கங்கள் இப்படித்தான் முடிகின்றன. சண்டையால் முடிபவை மிகக் குறைவு.

விலைவாசி ஏறுமே என்று பொருளியல் படிக்கும் மாணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். விலை ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 12 ஆண்டில் இரு மடங்காகும். 20 ஆண்டில் மூன்று மடங்குக்கு மேலாகும். இன்று மூன்று லட்சத்தில் முடியும் கூரை அன்று ஒன்பது லட்சத்தைத் தாண்டும். சேர்த்த பணம் வங்கியில் வட்டி ஈட்டி இந்த ஓட்டத்தில் ஒரு பகுதியை எட்டிப் பிடிக்கும், முழுவதையும் பிடிக்காது. ஆகவே மூன்றாண்டுக்கு ஒருமுறை கொத்தனாரையும் தச்சரையும் அழைத்து, இன்றைய விலை என்ன, இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டு, கணக்கைத் திருத்தி எழுத வேண்டும். கூரையைப் பார்க்காமல் பேரேட்டை மட்டும் பார்த்துப் போடும் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்தப் பலகைக் கணக்கில், வட்டியையும் விலையேற்றத்தையும் ஒதுக்கிவிட்டு, 19-ஆம் ஆண்டின் முடிவைப் பாருங்கள். அதுவரை சேர்ந்தது 6,84,000 ரூபாய். மோட்டார் இருமுறை மாற்றியாயிற்று, தளவாடம் ஒருமுறை, மின்வேலை ஒருமுறை. செலவு 2,90,000. வங்கியில் இருப்பது 3,94,000 ரூபாய். அந்தப் படிப்பகம் தன் வாழ்நாளில் அதற்கு முன் காணாத செல்வம் அது. அவ்வாண்டுப் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, இவ்வளவு பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு வெள்ளி விழாவை எளிமையாகக் கொண்டாடலாமா என்று கேட்பார். மற்றொருவர், வாயிலில் ஒரு வளைவு கட்டலாம் என்பார். கைதட்டல் எழும். கூரைக்கு இன்னும் ஓராண்டே உள்ளது என்பதைச் சொல்ல வேண்டிய பொருளாளர் அன்றுதான் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பார். நான் கண்ட ஊர் ஒன்றில் வளைவு கட்டப்பட்டது. அது இன்றும் அழகாக இருக்கிறது. அதன் வழியே உள்ளே சென்றால் ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் நனைந்து, தாளோடு தாள் ஒட்டிக் கிடந்த கூடம் வரும். அவ்வூரில் ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி வரை படித்த ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இரவல் கொடுத்து வந்த ஒரே இடம் அதுவாக இருந்தது.

ஆகையால் இந்தப் பணத்தைப் பெயர் சொல்லிப் பிரித்து வைக்க வேண்டும். புதுப்பிப்பு நிதி என்று விதிப்புத்தகத்தில் எழுதி, நடப்புச் செலவுக் கணக்கோடு கலவாமல் தனிக் கணக்கில் போட்டு, பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினாலன்றி வேறு எதற்கும் எடுக்கலாகாது என்று கட்டுப்படுத்த வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களுக்கு, நிகர லாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியில் சேர்க்கும் கடமையைச் சட்டமே விதித்திருக்கிறது. படிப்பகமும் ஆட்டக் கழகமும் அந்தக் கடமையைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும். நிதியைக் குழு உறுப்பினருக்குக் கடனாகக் கொடுப்பது கூடவே கூடாது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நட்பும் போகும், சங்கமும் போகும். வங்கியிலோ அஞ்சலகத்திலோ, கூரை மாற்றும் ஆண்டுக்குச் சற்று முன்னதாக முதிருமாறு வைப்பது போதுமானது. அதிக வட்டி என்று ஆசைகாட்டும் சீட்டு நிறுவனங்களின் வாயிலை மிதிக்க வேண்டாம்.

ஆயுள் சந்தாவைப் பற்றி ஒரு சொல். அறுபது பேரிடம் தலைக்கு 1,000 ரூபாய் வாங்கி, அவர்களை ஆயுள் உறுப்பினராக்கிய மன்றம் ஒன்றின் கணக்கைப் பார்த்தேன். வந்த 60,000 ரூபாயை அவ்வாண்டு வருமானமாக எழுதி, அவ்வாண்டிலேயே செலவழித்திருந்தார்கள். மறு ஆண்டு முதல் அந்த அறுபது பேரும் நாற்காலியில் அமர்கிறார்கள், விசிறியின் கீழ் படிக்கிறார்கள். அவர்களுக்காக வர வேண்டிய சந்தா என்றென்றைக்கும் வராது. ஆயுள் சந்தா என்பது 96 ஆடுகளைப் போன்றது. அதை முதலாக வைத்து நெய்யை மட்டும் எடுக்க வேண்டும். ஆட்டை அறுத்து விருந்து வைத்தால் அன்று ஊர் மணக்கும். மறுநாள் விளக்கு எரியாது.

கொடை அளிப்போரிடமும் ஒரு குறை உண்டு. அதை மெல்லச் சொல்கிறேன். புதிய கூடம் கட்டப் பணம் கேட்டால் கிடைக்கிறது, ஏனென்றால் கல்லில் பெயர் பொறிக்கலாம். பழைய கூடத்தின் மின்கம்பியை மாற்றக் கேட்டால் கிடைப்பதில்லை. மின்கம்பியில் பெயர் பொறிக்க இடமில்லை. கட்டடத்துக்குக் கொடுப்பவரிடம், அதன் பராமரிப்புக்கென ஒரு பங்கை முதலாக வைத்துத் தாருங்கள் என்று கேட்கும் துணிவு நிர்வாகிகளுக்கு வேண்டும். கொடுப்பவர் முகம் சுளிப்பார் என்று அஞ்சுகிறோம். கடல் கடந்து பொருளீட்டிய கீழக்கரை வணிகர் ஒருவரிடம் இப்படிக் கேட்டபோது, இதை முதலிலேயே ஏன் கேட்கவில்லை என்றுதான் அவர் கடிந்துகொண்டார். கப்பலை வாங்குவதைவிடக் கப்பலை வைத்துக் காப்பதே செலவு என்பது வணிகருக்குத் தெரியும்.

லாபம் கருதாத சங்கம் பணத்தைச் சேர்த்து வைப்பது தகுமா என்று சிலர் கேட்கிறார்கள். தேய்ந்ததை ஈடுசெய்யச் சேர்ப்பது லாபமன்று. அது இவ்வாண்டின் செலவுதான், பணம் கைமாறும் நாள் மட்டும் தள்ளியிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியில் ஓர் உண்மையும் உண்டு. தேவைக்கு மேல் சேர்த்துக்கொண்டே போகும் சங்கங்களும் இருக்கின்றன. வங்கி இருப்பைக் கண்டு மகிழ்ந்து, மீனவர் வீட்டுப் பிள்ளைக்குச் சந்தாவில் சலுகை தர மறுத்த மன்றம் ஒன்றை நான் அறிவேன். அதுவும் அநீதியே, இம்முறை பிற்காலத்தாருக்காக இக்காலத்து ஏழையைப் பிழிகிறார்கள். கோயில் மந்தை 96 ஆக இருந்தால் போதும். மாணவருக்கும் வருவாய் குறைந்தவருக்கும் சந்தாவில் பாதியைத் தள்ளுபடி செய்து, அந்தக் குறையை மற்றவர் ஏற்றுக்கொள்வதே முறை. நிதிக்கு உரிய 36,000 ரூபாய் சேர வேண்டும். அது எவரெவரிடமிருந்து எவ்வளவாக வருகிறது என்பதைச் சங்கம் இரக்கத்தோடு முடிவு செய்யலாம்.

எந்தக் கணக்குக்கும் அடங்காத நாள் ஒன்றும் வரும். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயலும் கடல் அலையும் தனுஷ்கோடியை அழித்தன. பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கண்கள் பெயர்ந்தன. அப்பாலத்தை 46 நாளில் மீட்டெடுத்தார் பொறியாளர் ஸ்ரீதரன். கடலடியில் கிடந்த இரும்பு உத்தரங்களைக் கண்டெடுக்க மீனவர்களின் அறிவு உதவியது. தனுஷ்கோடி மட்டும் மீண்டும் ஊராகவில்லை. இத்தகைய பேரிடரைத் தேய்மான நிதியால் ஈடுசெய்ய முடியாது. தேய்மானம் என்பது எதிர்பார்த்தது, புயல் எதிர்பாராதது. அதற்குக் காப்பீடு எடுக்க வேண்டும். ஆண்டுக் கட்டணத்தை நடப்புச் செலவில் எழுத வேண்டும். கூடவே, உறுப்பினர் பதிவேடு, பத்திரம், கணக்கு ஆகியவற்றின் படி ஒன்றைக் கடலுக்கு அப்பாலுள்ள ஊரில், பரமக்குடியிலோ மதுரையிலோ, நம்பிக்கையான ஓரிடத்தில் வைத்திருப்பது நல்லது. இதற்குக் காசு செலவில்லை. ஆயினும் செய்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டு, எங்கள் மன்றம் ஏற்கெனவே பழையதாயிற்றே, நிதியென்று ஒரு காசும் இல்லையே, இனி என்ன செய்வது என்று எண்ணுவோர் இருப்பீர்கள். பெரும்பாலான மன்றங்களின் நிலை அதுதான். கூரைக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது என்றால், மீதி எட்டு ஆண்டில் மூன்று லட்சத்தைச் சேர்க்க ஆண்டுக்கு 37,500 ரூபாய் வேண்டும். கூரைக்கு மட்டுமே இவ்வளவு. ஒரே ஆண்டில் சந்தாவை அவ்வளவு உயர்த்தினால் உறுப்பினர் ஓடிவிடுவர். அப்போது வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். கடலோரக் கட்டடத்தில் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. கடலைப் பார்த்த பக்கம் முந்திக் கெடும். தேவிபட்டினத்துக்கு அருகே ஒரு படிப்பகத்தார் இதை அறிந்து, முதலில் கிழக்குச் சாய்வின் ஓட்டையும் பனங்கைகளையும் மட்டும் மாற்றினார்கள். அதற்கு வேண்டிய 1,50,000 ரூபாயில் பாதியை உறுப்பினர் இருபது பேர் வட்டியில்லாமல் கடனாகக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டில் அது திருப்பித் தரப்பட்டது. மேற்குச் சாய்வு இன்னும் பழைய ஓட்டோடுதான் இருக்கிறது. புரட்டாசி பிறந்ததும், மழைக்கு முன்னால், இளைஞர் நால்வர் மேலேறி உடைந்த ஓடுகளை மாற்றி வைக்கிறார்கள். சென்ற தணிக்கையின்போது மேற்குச் சாய்வுக்கான கணக்கில் 90,000 ரூபாய் இருந்தது. இன்னும் 60,000 வேண்டும். கொத்தனார் இரண்டு ஆண்டு தாங்கும் என்கிறார்.